நீள இறக்கை தானாகக் காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மோட்டார் கிளைடர் (என்ஜின் பொருத்திய, நீண்ட இறக்கையுள்ள சறுக்கு விமானம்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால், இறக்கை நீளமாக இருப்பதால் என்ஜின் நின்றாலும் கவலையில்லை, சாதாரணச் சிறு விமானத்தைவிட ஓட்டுவதும் எளிது என்று அதில் சொல்லியிருந்தது பாதிதான் உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி ஒருவர் பயிற்சிக்குப் போய்விடக் கூடாது என்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது. இடமில்லை என்று வெட்டுவதானால் எண்களை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

எது மோட்டார் கிளைடர், எது வெறும் சிறு விமானம்? பார்வைக்கு இறக்கை நீளமாகத் தெரிந்தால் போதாது. கிளைடர்களுக்குச் சான்றளிக்கும் ஐரோப்பாவின் சி.எஸ்-22 விதித்தொகுப்பும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் வழிகாட்டுதலும் இதற்கு எளிய கணக்கு ஒன்றை வைத்திருக்கின்றன. விமானத்தின் அதிகபட்ச எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையுள்ள வீச்சை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். எடையை இந்தப் பெருக்குத்தொகையால் வகுத்தால் வரும் விடை 3-ஐத் தாண்டக் கூடாது.

ஆஸ்திரியாவின் சூப்பர் டிமோனா எச்.கே.36-ன் எடை 770 கிலோ, வீச்சு 16.33 மீட்டர், விடை 2.89. ஜெர்மனியின் குரோப் 109பி 850 கிலோ, 17.4 மீட்டர், விடை 2.81. அதே ஜெர்மனியின் ஸ்டெம்மே எஸ்10-க்கும் 850 கிலோதான். ஆனால் வீச்சு 23 மீட்டர் என்பதால் விடை 1.6-க்கு இறங்கிவிடுகிறது. உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-ஐ இதே கணக்கில் போட்டால் (1,111 கிலோ, 11 மீட்டர்) 9.2 வருகிறது. டிமோனாவும் குரோபும் 3-ஐ ஒட்டியே நிற்பதைக் கவனியுங்கள். இருவர் அருகருகே உட்கார வேண்டும், என்ஜின், எரிபொருள், சக்கரம் எல்லாம் வேண்டும், அதோடு ஹேங்கருக்குள்ளும் நுழைய வேண்டும் என்றால் வடிவமைப்பாளருக்கு அதற்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

எடையை வீச்சின் இருமடியால் ஏன் வகுக்க வேண்டும்? இறக்கை காற்றைக் கீழே தள்ளித்தான் விமானத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பக்கத்து அழுத்தக் காற்று நுனியைச் சுற்றி மேலே ஏறி, பின்னால் சுழலாக விரியும். அந்தச் சுழலை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல்தான் தூண்டு இழுவை. வீச்சு கூடினால் ஒரே நேரத்தில் அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளினால் போதும். சுழலுக்குப் போகும் செலவு குறையும். இந்த இழுவையால் மட்டும் விமானம் ஒரு விநாடிக்கு எத்தனை மீட்டர் இறங்கும் என்று கணக்குப் போட்டால், மற்ற பெயர்களெல்லாம் ஒதுங்கி, எடைக்குக் கீழே வீச்சின் இருமடி வந்து நிற்கும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்தால், இந்த வகையில் டிமோனா விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் இறங்கும். அதே வேகத்தில் செஸ்னா கிட்டத்தட்ட 1.9 மீட்டர். கட்டுரை சொன்ன நீளத்தின் பெருமை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

விசையாகச் சொன்னால், 770 கிலோ டிமோனாவை 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் இழுக்கும் தூண்டு இழுவை சுமார் 16 கிலோ. இறக்கையை 11 மீட்டராக வெட்டிவிட்டால் அது 36 கிலோவாகும். உடல், வால், சக்கரம், இறக்கைத் தோல் இவற்றின் உராய்வையும் சேர்த்து டிமோனாவின் மொத்த இழுவை அந்த வேகத்தில் 28 கிலோ அளவுதான். மட்டமாகப் பறக்க, புரொப்பல்லரின் இழப்பையும் சேர்த்து, 15 குதிரைத்திறன் போதும். 80 குதிரைத்திறன் லிம்பாக் என்ஜினை வைத்தே முதல் டிமோனா 1980-ல் வானேற முடிந்ததற்குக் காரணம் இதுதான். மீதிக் குதிரைகளெல்லாம் உயரம் ஏறப் பயன்படுகின்றன.

வேகத்தை 180-க்கு உயர்த்துங்கள். தூண்டு இழுவை 5 கிலோவாகச் சுருங்கிவிடும். உராய்வோ 40 கிலோவை எட்டும். இப்போது நீள இறக்கையால் லாபமில்லை, 15.3 சதுர மீட்டர் தோலையும் காற்றில் தேய்த்துக்கொண்டு போகிறீர்கள், 40 குதிரைத்திறன் தேவைப்படுகிறது. மோட்டார் கிளைடரை வேகமான பயண விமானமாக விற்க முயலும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. பறக்கும் குணத்தில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது. சூப்பர் டிமோனாவில் இருப்பது எஃப்.எக்ஸ். 63-137. ஃபிரான்ஸ் சேவர் வோர்ட்மன் வடிவமைத்தது. எஃப்.எக்ஸ். என்பது ஆங்கிலத்தில் அவர் முதற்பெயர்களின் (Franz Xaver) முதல் எழுத்துகள், 63 என்பது ஆண்டு, 137 என்பது அகலத்தில் 13.7 சதவீதம் தடிமன். முதுகு நன்றாக வளைந்த வடிவம். மெதுவான வேகத்தில் பெரும் தூக்குவிசை தரும் என்பதால், ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) எதுவும் இல்லாமலேயே மணிக்கு 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழேதான் விமானம் ஸ்டால் ஆகிறது, அதாவது தன்னைத் தாங்கும் தூக்குவிசையை இழக்கிறது. அதற்கு ஈடாக இந்த வளைவு எப்போதும் மூக்கைக் கீழே தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலை வால் சுமக்க வேண்டும். அதைவிட முக்கியம், இறக்கை தன் நீளவாட்டில் முறுக்கப்படுகிறது. முறுக்கு வேகத்தின் இருமடியாக ஏறும். 100-ல் இருப்பதைப்போல் 260-ல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. நீண்டு மெலிந்த இறக்கையில் நுனிப்பகுதி கீழ்நோக்கித் திருகிக்கொள்ளாமல் இருக்க, கண்ணாடி இழையும் கரியிழையும் 45 பாகைச் சாய்வில் தோலாகப் போடப்படுகின்றன. இறக்கையின் உள்ளே நீளவாட்டில் ஓடும் ஸ்பார் என்ற உத்தரம் வளைவைத் தாங்கும். முறுக்கைத் தாங்குவது இந்தத் தோல்தான். ஆகவே தோலில் விழும் சிறு வெடிப்பை 'மேல்பூச்சுதானே' என்று விடக் கூடாது. ஜெல்கோட் என்ற மேல்பூச்சின் வெடிப்பா, இழை வரை போன வெடிப்பா என்று சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இதே வடிவம் இன்னொன்றையும் எதிர்பார்க்கிறது: வழவழப்பு. முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கணிசமான பகுதி வரை காற்று அடுக்கடுக்காகக் கலையாமல் ஓடினால்தான் மேலே சொன்ன உராய்வுக் கணக்கு பலிக்கும். 50 மில்லிமீட்டர் நீளத்துக்குள் மேடுபள்ளம் 0.1 மில்லிமீட்டருக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பது கிளைடர்ப் பட்டறைகளில் நடைமுறை அளவு. முன்விளிம்பில் பூச்சி அப்பினாலோ மழைத்துளி நின்றாலோ ஓட்டம் அங்கேயே கலைந்துவிடும். அப்போது சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்ற கணக்கு) குறையும், ஸ்டால் வேகம் உயரும், ஓடுபாதையில் எழும்ப வழக்கத்தைவிட நீளம் பிடிக்கும். மழையில் நனைந்து நிற்கும் மோட்டார் கிளைடரின் இறக்கையைப் பழந்துணியால் துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தரையிறங்கும்போது மழை பிடித்தால் வேகத்தில் 10 கிலோமீட்டர் கூட்டி வருவது வழக்கம். செஸ்னாவின் ரிவெட் போட்ட இறக்கையில் பழகியவர்களுக்கு இது தேவையற்ற பயமாகப் படும். இரண்டு இறக்கையும் ஒன்றல்ல.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊருக்கு அது பொருந்தும். இந்த விமானங்கள் ஏன் எல்லாம் வெள்ளையாக இருக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. இழைகளை ஒட்டி வைத்திருக்கும் எப்பாக்சி, சூடு ஏற ஏறத் தளரும். கலப்புப்பொருள் கிளைடர்களின் வலுக் கணக்கு சுமார் 54 பாகை செல்சியஸ் கட்டமைப்பு வெப்பத்துக்குள் போடப்பட்டிருக்கும். டிமோனாவின் வழிவந்த டி.ஏ.20 பயிற்சி விமானத்தில் ஸ்பார் இணைப்பின் மேலேயே ஒரு வெப்பக்காட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. 55 பாகையைத் தாண்டினால் கிளம்பக் கூடாது. சித்திரை வெயிலில் திருச்சியிலோ மதுரையிலோ மூடிய கண்ணாடிக் கூண்டோடு தார்த்தளத்தில் ஒரு விமானத்தை நிறுத்தினால் உள்ளே என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வண்ணப் பட்டைகள் வேண்டுமானால் கையேடு அனுமதிக்கும் இடத்தில் மட்டும். 'நம்ம கிளப் நிறம்' என்று இறக்கையின் முதுகில் கருநீலம் அடிப்பது அழகுக்காக வலுவைக் கொடுப்பது.

இனி ஓட்டுவது எளிதா என்ற கேள்வி. நேராகப் பறக்கும்வரை எளிதுதான். திரும்பத் தொடங்கும்போதுதான் நீளம் தன்னைக் காட்டும்.

இடப்பக்கம் சாய்க்கக் கட்டுப்பாட்டுக் குச்சியை இடமாகத் தள்ளுகிறீர்கள். வலது இறக்கையின் பின்விளிம்பில் நுனிப்பக்கம் உள்ள ஏலரான் என்ற அசையும் தகடு கீழே இறங்கி அங்கே தூக்குவிசையைக் கூட்டும். தூக்குவிசை கூடினால் இழுவையும் கூடும். எட்டு மீட்டர் நீளக் கையின் கடைசியில் கூடும் அந்த இழுவை மூக்கை வலப்பக்கம் இழுக்கும். நீங்கள் போக நினைத்ததற்கு நேர்மாறு. செஸ்னாவிலும் இது உண்டு, ஆனால் கால் சோம்பேறியாக இருந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். மோட்டார் கிளைடரில் முடியாது. ஏலரான் மேலே போகும் அளவைவிடக் கீழே வரும் அளவைக் குறைத்து வைத்து வடிவமைப்பாளர் கொஞ்சம் உதவுவார். மீதியை, வாலின் செங்குத்துத் தகடான ரட்டரைத் திருப்பும் கால் மிதிதான் சரிசெய்ய வேண்டும். குச்சியும் மிதியும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம் போக வேண்டும். சாய்வு வந்தபின் இரண்டையும் தளர்த்த வேண்டும்.

மிதி சரியா என்பதைக் காட்டக் கண்ணாடியின் நடுவில் ஒட்டிய பத்து சென்டிமீட்டர் கம்பளி நூலை மிஞ்சிய கருவி இல்லை. மூக்கில் புரொப்பல்லர் உள்ள மோட்டார் கிளைடரில் என்ஜின் ஓடும்போது அந்த நூல் சுழல்காற்றில் ஆடிக்கொண்டிருக்கும், நம்ப முடியாது. அப்போது குழாய்க்குள் உருளும் பந்தைப் பாருங்கள். என்ஜினை நிறுத்தியதும் நூல் உண்மை பேசும். அருகருகே உட்காரும் விமானத்தில் நூலை உங்கள் இருக்கைக்கு நேரே ஒட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். கண்ணாடியின் வளைவில் காற்று பக்கவாட்டில் விலகி ஓடுவதால், அங்கே ஒட்டிய நூல் நேராகப் பறக்கும்போதும் சாய்ந்தே காட்டும். நேர்ப் பறத்தலில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கண்ணாடியில் ஒரு குறி போட்டுக்கொள்வதே வழி.

உருளும் வேகத்துக்கும் விதி உண்டு. சி.எஸ்-22 என்ன கேட்கிறது என்றால், ஒரு பக்கம் 45 பாகை சாய்ந்த திருப்பத்திலிருந்து மறுபக்கம் 45 பாகைக்கு, வீச்சை மூன்றால் வகுத்தால் வரும் விநாடிகளுக்குள் மாற முடிய வேண்டும். டிமோனாவுக்கு 5.4 விநாடி; ஸ்டெம்மேக்கு 7.7. வானில் ஏழு விநாடி என்பது நெடுநேரம். கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையைத் தாண்டிவிட்டோம் என்று உணர்ந்தபின் படபடவென்று குச்சியை மறுபக்கம் வீசுகிறவருக்கு விமானம் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது போலத் தோன்றும். அது சொல்லும், தாமதமாக. அந்தத் தாமதத்தில் பொறுமை இழந்து மிதியை மட்டும் அழுத்தி மூக்கைத் திருப்புவதுதான் ஆபத்தின் ஆரம்பம்.

ஏனென்று பாருங்கள். மணிக்கு 95 கிலோமீட்டரில் 40 பாகை சாய்ந்து சுற்றினால் வட்டத்தின் ஆரம் சுமார் 85 மீட்டர். உள் இறக்கை நுனி சிறிய வட்டத்திலும் வெளி நுனி பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரண்டு நுனிகளுக்கும் வேகத்தில் 15 சதவீதம் வித்தியாசம் வந்துவிடுகிறது, தூக்குவிசையில் 30 சதவீதம். வெளி இறக்கை மேலும் மேலும் தூக்கும். சாய்வு கூடாமலிருக்க, திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் குச்சியைப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டியிருக்கும். எதிர்ப்பக்கம் பிடித்தால் உள் இறக்கையின் ஏலரான் கீழே இறங்கியிருக்கும். ஏற்கெனவே மெதுவாகப் போகும் நுனி, அதற்கு மேல் அதிகக் கோணம். வேகம் கொஞ்சம் குறைந்து, உள்பக்க மிதியும் அதிகமானால் அந்த நுனிதான் முதலில் ஸ்டால் ஆகும். விமானம் ஸ்பின்னுக்குள், அதாவது சுழன்றுகொண்டே கீழே போகும் நிலைக்குள், விழும். இறக்கை நுனியை அடிப்பகுதியைவிடச் சில பாகை தாழ்வாகத் திருகி வைப்பது இதைத் தள்ளிப்போடத்தான். தள்ளிப்போடும், தடுக்காது. ஸ்பின் வந்தால் மீளும் முறை பொதுவாக இதுதான்: த்ராட்டிலை (என்ஜின் திறனைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) மூடு, சுழற்சிக்கு எதிர் மிதியை முழுதாக அழுத்து, ஏலரானை நடுவில் வை, குச்சியை முன்னே தளர்த்து, சுழற்சி நின்றதும் மிதியை நடுவுக்குக் கொண்டுவந்து மெல்ல மேலே இழு. அந்தந்த விமானத்தின் கையேட்டில் உள்ள வரிசையே இறுதியானது. 150 மீட்டர் உயரத்தில் இந்த அறிவால் பயனில்லை. அங்கே பயன்படுவது சரியான வேகமும் நடுவில் நிற்கும் நூலும்தான்.

கட்டுரையோடு வட்டமிடும் பருந்தின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அழகான படம், தவறான உவமை. பருந்தின் இறக்கை குட்டை, அகலம். நுனியில் விரல்விரலாகப் பிரிந்த இறகு. குறுகிய வெப்பக்காற்றுத் தூணுக்குள் சின்ன வட்டம் போட அதற்கு அதுதான் தேவை. மோட்டார் கிளைடரின் நீண்டு ஒடுங்கிய இறக்கைக்கு ஒப்பிட வேண்டுமானால் கடலோடி அல்பட்ராஸைத்தான் காட்ட வேண்டும். பருந்து சுற்றும் இடத்தில் மேலெழும் காற்று இருக்கிறது என்பது கிளைடர் ஓட்டிகள் நாள்தோறும் பயன்படுத்தும் உண்மை. ஆனால் பருந்தின் வட்டத்துக்குள் டிமோனாவால் சுற்ற முடியாது. இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் அதில் 50 கிலோவைச் சுமக்கிறது. என்ஜின் இல்லாத பயிற்சிக் கிளைடரான ஏ.எஸ்.கே.21-ல் சுமார் 33 கிலோ. சுமை கூடினால் வேகம் கூடும், வட்டம் பெருகும். நேராகச் சறுக்கும்போது விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இறங்கும் விமானம், 40 பாகைச் சாய்வில் 1.6 மீட்டர் இறங்கும். ஆகவே விநாடிக்கு 2 மீட்டராவது மேலெழும் காற்று அந்த 85 மீட்டர் ஆரம் முழுவதும் கிடைத்தால்தான் என்ஜினை நிறுத்துவதில் பொருள் உண்டு. ஸ்டெம்மே வேறு ரகம்: சறுக்கு விகிதம் 50, மூக்குக்குள் மடங்கி ஒளிந்துகொள்ளும் புரொப்பல்லர், ஓட்டிகளுக்குப் பின்னால் என்ஜின், இருவருக்கும் நடுவே ஓடும் கரியிழைத் தண்டு. மோட்டார் கிளைடர் என்ற ஒரே பெயரில் இரண்டையும் அடக்கிப் பேசுவதில் பல குழப்பங்கள் பிறக்கின்றன.

இறங்குவதைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் செஸ்னாவிலிருந்து வருகிறவர்கள் அதிகம் திண்டாடுவது இங்கேதான். டிமோனாவின் 28 என்ற சறுக்கு விகிதம் வானில் வரம். ஓடுபாதை முனையில் சாபம். 15 மீட்டர் உயரத்தில் முனையைக் கடந்தால், ஒன்றும் செய்யாமல் விட்டால் விமானம் 420 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடப் பார்க்கும். அங்கும் தொடாது. இறக்கை தரைக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலே வரும்போது, நுனிச் சுழல் விரியத் தரை இடம் கொடுக்காது. தூண்டு இழுவை ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். விகிதம் 30-ஐத் தாண்டும். அந்த நேரத்தில் மணிக்கு வெறும் 10 கிலோமீட்டர் கூடுதல் வேகம் கையில் இருந்தால், 110-லிருந்து 100-க்கு இறங்கவே 250 மீட்டர் மிதந்துகொண்டு போகும்.

இதற்காகத்தான் இறக்கையின் முதுகில், ஸ்பாருக்குப் பின்னாலிருந்து செங்குத்தாக எழும் ஏர்பிரேக் தகடுகள். தூக்குவிசையைக் கெடுத்து, இழுவையைக் கூட்டுவதே அவற்றின் வேலை. முழுதாகத் திறந்தால் சறுக்குப் பாதை ஏழுக்கு ஒன்றைவிடத் தட்டையாக இருக்கக் கூடாது என்பது சி.எஸ்-22-ன் விதி. அதே 15 மீட்டரிலிருந்து இப்போது 105 மீட்டர். அதே 10 கிலோமீட்டர் மிச்சத்தைக் கரைக்க 60 மீட்டருக்குள். பாதித் திறப்பில் வரும்படி அணுகுமுறையைத் திட்டமிட்டால் இரண்டு பக்கமும் சரிசெய்ய இடமிருக்கும்: உயரமாக இருந்தால் இன்னும் திற, தாழ்வாக இருந்தால் மூடு. வேகத்தைக் குச்சியால் காப்பாற்று, பாதையை ஏர்பிரேக்கால். த்ராட்டிலால் பாதையைச் சரிசெய்யும் பழக்கத்தோடு வருகிறவர்களுக்குக் கை இங்கே தடுமாறும்; சில விமானங்களில் இரண்டு கைப்பிடிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நிலைமையை மோசமாக்கும். தரைக்கு இரண்டு மீட்டர் மேலே, மெதுவான வேகத்தில், ஏர்பிரேக்கைச் சட்டென்று முழுதாக இழுத்தால் விமானம் தொப்பென்று விழும்.

ஏர்பிரேக்கோடு தொடர்புள்ள இன்னொரு விபத்து வகை உலகெங்கும் மறுபடி மறுபடி நடக்கிறது. கிளம்பும் முன் கைப்பிடியை முன்னே தள்ளி மூடியிருப்பார்கள், பூட்டியிருக்க மாட்டார்கள். தரையில் நிற்கும்போது தகடுகள் மூடினாற்போல்தான் தெரியும். வேகம் ஏறியதும் முதுகுப்பக்கத்துக் குறையழுத்தம் அவற்றை உறிஞ்சித் திறந்துவிடும். விமானம் எழும்பும், ஆனால் ஏறாது. ஓட்டுபவர் என்ஜினில்தான் கோளாறு என்று நினைத்துக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ஜின் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும். மருந்து: கைப்பிடியைத் தள்ளும்போது பூட்டின் எதிர்ப்பைத் தாண்டி 'டக்' என்று விழுவதைக் கையால் உணர வேண்டும், பிறகு இரண்டு இறக்கையையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் கை போக வேண்டிய இடம் ஏர்பிரேக் கைப்பிடி.

பக்கக்காற்றில் இறங்கும்போது ஒரு இறக்கையைத் தாழ்த்தி வரும் செஸ்னா முறை இங்கே செல்லாது. எட்டு மீட்டர் அரை இறக்கை எட்டு பாகை சாய்ந்தாலே நுனி ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். மூக்கைக் காற்றுப்பக்கம் திருப்பி நண்டு நடையில் வந்து, தரை தொடும் நொடியில் மிதியால் நேராக்குவதே முறை. தரையில் உருளும்போது ஓடுபாதை விளக்குகளையும் வேலிக் கம்பங்களையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

பட்டறைப் பக்கம் இரண்டு விஷயம். நீள இறக்கை வளையும், திருகும். ஏலரான் தன் கீலைச் சுற்றி ஆடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இந்த ஆட்டங்கள் ஒன்றை ஒன்று வளர்க்கத் தொடங்கினால் சில விநாடிகளில் இறக்கை கிழிந்துவிடும், இதுதான் ஃப்ளட்டர். ஏலரானின் எடைச் சமநிலை இதைத் தடுக்கும் முதல் வேலி. கீலுக்குப் பின்னால் ஒரு கை கூடுதல் பெயின்ட் அடித்தாலும் அந்தச் சமநிலை பின்னே நகர்ந்துவிடும். ஆகவே மறுபூச்சுக்குப் பின் ஏலரானைக் கழற்றி எடை போட்டு, கீலில் தொங்கவிட்டுப் பின்விளிம்பின் திருப்புவிசையை அளந்து, பராமரிப்புக் கையேட்டின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டக் கூடாது. இணைப்புக் கம்பிகளில் விரல் அளவு லொடலொடப்பு இருந்தாலும் அதே ஆபத்துதான். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால், வேகமானி காட்டும் எண்ணைவிட உண்மை வேகம் அதிகம். ஃப்ளட்டர் உண்மை வேகத்தைத்தான் பார்க்கும். மேலே போகப்போக உச்ச வேக எல்லை குறைவதற்கான அட்டவணையைக் கண்ணெதிரே ஒட்டி வைத்திருப்பது இதனால்தான்.

இரண்டாவது, இறக்கையை மடித்தோ கழற்றியோ ஹேங்கரில் வைத்துவிட்டு மறுபடி பூட்டும் விமானங்களில், ஏலரான் இணைப்பு மாட்டப்பட்டதா என்பது. முக்கிய ஊசியைச் சொருகி, பாதுகாப்பு ஊக்கையும் போட்டபின், ஒருவர் வெளியே ஏலரானைக் கையால் இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே குச்சியை அசைத்துப் பார்க்க வேண்டும். குச்சி நகராமல் முட்டினால் இணைப்பு இருக்கிறது. இரண்டு ஏலரானுக்கும், ஏர்பிரேக்குக்கும், வாலுக்கும் இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும்.

கடைசியாக, ஒரு கிலோமீட்டர் உயரத்தில் என்ஜின் நின்றால் 28 கிலோமீட்டர் தூரம் போய் இறங்கலாம் என்று கட்டத்துக்குள் போட்டிருந்த வாக்கியத்தைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். அந்த எண் அசையாத காற்றுக்கு, சுத்தமான இறக்கைக்கு, புரொப்பல்லர் அலகுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பி நிறுத்தியபின். அலகு திரும்பாமல் நின்றாலோ காற்றில் சுற்றினாலோ அதுவே பெரிய பிரேக். எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், 105-ல் பறக்கும் விமானத்துக்குத் தரையில் 75 தான் கிடைக்கும்; 28 என்பது 20 ஆகும். வழியில் காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டிருந்தால் 10. இதில் கடைசி 200 மீட்டர் உயரத்தை வட்டமடித்து இறங்குவதற்கென்று ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது 8 கிலோமீட்டர். இறக்கைக்குப் பின்னால் தூணில் எழும்பும் என்ஜின் உள்ள ரகமானால் இன்னும் கவனம் வேண்டும்: தூண் வெளியே வந்து என்ஜின் கிளம்பாமல் போனால், தூணின் இழுவையே சறுக்கு விகிதத்தைச் சரிபாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். அதனால் அதை எழுப்பும் முன்பே இறங்கத்தக்க நிலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், உயரமும் 300 மீட்டருக்குக் குறையாமல்.

கட்டத்தில் 28 இருந்த இடத்தில் 8 என்று போட்டு, எந்தக் காற்றுக்கு என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வானூர்திப் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்